பெயர் எழுதாத வெள்ளைப் பேருந்து

ஒரு கல்லூரி நல்ல கல்லூரியா இல்லையா என்பதை அதன் பேருந்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று நான் நம்பினேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. ஒரு கோடை முழுக்க, காலைத் தூக்கத்தை விட்டுக்கொடுத்து நம்பினேன்.

போன வாரம் நான் ஸ்கூட்டர் கற்றுக்கொண்ட கதையைப் படித்த வாசகி ஒருவர், "உங்களுக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கும் என்று நினைத்திருந்தேன்" என்று எழுதியிருக்கிறார். அம்மா, அவசரப்படாதீர்கள். இந்த வாரத்தையும் படித்துவிட்டு மொத்தமாக ஒரு முடிவுக்கு வாருங்கள்.

என் மகள் ஹரிணி பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தாள். ரிசல்ட் வரவில்லை. பெற்றவர்கள் உருப்படியாகச் செய்ய ஒரு வேலையும் இல்லாத, ஆனால் எதையாவது செய்தே தீரவேண்டும் என்று கை பரபரக்கிற நாட்கள் அவை. நான் முடிச்சூர் ரோட்டு டீக்கடையைத் தேர்ந்தெடுத்தேன்.

காலை நேரத்தில் அந்த ரோட்டில் நின்றிருக்கிறீர்களா? கல்லூரிப் பேருந்துகளாக வரும். மஞ்சள், நீலம், பச்சை, இரண்டும் கெட்டான் ஊதா. டீசல் புகையும் இஞ்சி டீ வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறும். ஜன்னலோரத்தில் ஈரத் தலைமுடியைக் காற்றில் காயவைத்துக்கொண்டு ஒரு பெண், கண்ணாடியில் நெற்றி முட்டிக்கொண்டே தூங்குகிற ஒரு பையன், கம்பியில் ஆடுகிற சாப்பாட்டுப் பைகள்.

என் பக்கத்தில் பாபு. என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன், அனகாபுத்தூர்க்காரன், எங்கள் வட்டாரத்துக்குத் தண்ணீர் கேன் போடுகிறவன். நான் முட்டாள்தனம் செய்ய ஆரம்பித்தால் தடுக்கமாட்டான். கூட ஒரு கை கொடுப்பான்.

"டயரைப் பாரு மச்சான், டயரை. மொட்டையாக் கீது. டயர் மாத்த வக்கில்லாதவன் லேபுக்கு இன்னாத்த வாங்கிப் போட்டுருக்கப் போறான்?"

என் தத்துவம் இன்னும் நுட்பமானது. மாணவர்கள் பேருந்தில் பாட்டுப் போட்டு ஆடினால் அங்கே படிப்பு இல்லை. சும்மா தூங்கினால் சுமாரான படிப்பு. வாயைத் திறந்து தூங்கினால் கடுமையான படிப்பு.

அப்படி ஒருநாள் கண்ணில் பட்டதுதான் அந்த வெள்ளைப் பேருந்து.

பளபளவென்று வந்தது. ஜன்னல்கள் மூடியிருந்தன, உள்ளே ஏசி. ஒவ்வொரு கழுத்திலும் கயிறு, கயிற்றில் அட்டை. பேச்சு மூச்சில்லை. பாதிப்பேர் மடியில் மடிக்கணினி, மீதிப்பேர் தூக்கம். மூன்றாவது ஜன்னலில் ஒரு பையன் வாயை அப்படித் திறந்துவைத்திருந்தான், நான் அவனுக்கு மனசுக்குள் நூற்றுக்கு நூறு போட்டேன். எல்லாவற்றையும்விட முக்கியம், பேருந்தின் மேல் கல்லூரியின் பெயரே இல்லை.

மற்ற பேருந்துகளில் கல்லூரியின் பெயர் இருக்கும், அதைத் தொடங்கியவரின் பெயர் இருக்கும், அவருடைய அப்பாவின் படம்கூட இருக்கும். இதில் ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை.

"இதுதான்டா," என்றேன்.

"பேரே போடலியே மச்சான்."

"அதுதான்டா பெரிய இடத்து அடக்கம். தெரியவேண்டியவனுக்குத் தெரியும்."

பாபு யோசித்தான். "கரெக்டுதான். பெரிய ஓட்டல்ல மெனு கார்டுல வெலையே போடமாட்டானாம்."

ஆக, இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம். அடுத்த டீ சொன்னோம்.

தெரியல

இவ்வளவு ஆராய்ச்சிக்கும் காரணம் ஹரிணி சொன்ன ஒரு சொல்.

"என்னம்மா படிக்கப் போறே?"

"தெரியல."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அழுதுகொண்டே சொல்லியிருந்தால் ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்திருப்பேன். மாம்பழத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, கொட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மறுநாள் காலையிலேயே நான் டீக்கடையில் இருந்தேன்.

நான் மேற்குத் தாம்பரத்தில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். "எது நடந்தாலும் கவலைப்படாதீர்கள்" என்று ஊருக்குச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த வாரம் வாடிக்கையாளர் ஒருவரிடம் அதையே சொல்லும்போது என் குரல் நடுங்கியதாம். அவர் பாலிசியை ரத்து செய்ய வழி கேட்டாராம். இதெல்லாம் ஆபீசில் கிளப்பிவிட்ட கதை. முழுக்கப் பொய்யும் இல்லை.

எங்கள் எதிர் பிளாட்டில் தணிகாசலம் சார் இருக்கிறார். பேச ஆரம்பித்தால் 'கட்-ஆஃப்' என்ற சொல் வராமல் ஒரு வாக்கியமும் முடியாது. மாடிப்படியில் தினமும் பிடித்துக்கொள்வார்.

"பொண்ணு என்ன டிசைட் பண்ணியிருக்கு?"

"ரெண்டு மூணு ஆப்ஷன் வெச்சிருக்கா சார்." பொய்.

"ஆப்ஷனே வெக்கக்கூடாது சார்! ஆப்ஷன் வெச்சவன் எவன் உருப்பட்டிருக்கான்? எங்க கார்த்திக் ஏழாங்கிளாஸ்லயே சொல்லிட்டான், கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்னு."

இதை வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி கல்பனா செலையூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். நாளெல்லாம் ஊசி குத்துகிற கை. வீட்டுக்கு வந்ததும் அந்த வேலை வாய்க்கு மாறிவிடும்.

"ஏழாங்கிளாஸ்ல அந்தப் பையன் என்ன சொன்னான்னு எனக்குத் தெரியும். 'ஆன்ட்டி, எங்க பால் உங்க பால்கனில விழுந்துடுச்சு'ன்னு சொன்னான்."

"நீ விளையாட்டா எடுத்துக்கறே."

"பதினேழு வயசுல தெரியலன்னு சொன்னா அது நேர்மைங்க. உங்களுக்கு அம்பது ஆகப்போவுது. தோசையா சப்பாத்தியான்னு கேட்டா தெரியலங்கறீங்க. நான் உங்கள எந்தக் கவுன்சிலிங்குக்குக் கூட்டிட்டுப் போனேன்?"

அவள் பிளஸ் டூ முடித்துவிட்டு லேப் டெக்னீஷியன் டிப்ளமோ படித்தவள். நான் பட்டப்படிப்பை முடித்து வேலை தேடி அலைந்துகொண்டிருந்தபோது, அவள் சம்பாதித்து வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டாள். அந்த ஃபிரிட்ஜைப் பற்றி வாரத்துக்கு ஒருமுறையாவது எனக்குக் கேட்கக் கிடைக்கும்.

ஹரிணியின் பள்ளியில் 'உயர்கல்வி வழிகாட்டி நாள்' ஒன்று நடந்தது. நல்ல எண்ணத்தில்தான் நடத்தினார்கள். ஆனால் வழிகாட்ட வந்தவர்கள் எல்லாரும் கல்லூரிகளின் ஆட்கள். ஆளுக்கொரு மேசை, மேசைக்கொரு பேனர். பிள்ளைகள் வீட்டுக்குக் கைநிறையப் பைகளோடும் பேனாக்களோடும் வந்தார்கள். இந்தப் படிப்பில் காலையில் போய் உட்கார்ந்தால் என்ன சொல்லித்தருவார்கள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பைகள் நல்ல பைகள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் காய்கறி வாங்க அவைதான்.

நிழலில் நின்ற வரிசை

இந்த இடத்தில் என் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் காலத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. எங்களை யாரும் கேட்கவே இல்லை, அதனால்.

எனக்கு காமர்ஸ் படிக்க ஆசை. ஆசை என்றால், எதிர்வீட்டு அண்ணன் காமர்ஸ் படித்து பேண்ட்டில் சட்டையைச் செருகிக்கொண்டு போவார், அந்த ஆசை. விண்ணப்பம் வாங்கப் போனேன். காமர்ஸ் வரிசை கொளுத்துகிற வெயிலில் மைதானத்தைச் சுற்றி நின்றது. பக்கத்தில் எகனாமிக்ஸ் வரிசை. பத்துப் பதினைந்து பேர். வேப்பமரத்து நிழல்.

நான் பொருளாதாரப் பட்டதாரி ஆன வரலாறு இவ்வளவுதான்.

மூன்று வருடம் படித்தேன். பிடித்ததா என்று கேட்டால், முதல் வருடம் இல்லை, இரண்டாம் வருடம் பழகியது, மூன்றாம் வருடம் ஒரு பேராசிரியரின் வகுப்பு மட்டும் நிஜமாகவே பிடித்தது. அந்த வகுப்பை முதல் நாளே யாராவது காட்டியிருந்தால் நான் வெயிலில் வேண்டுமானாலும் நின்றிருப்பேன்.

சரி, டீக்கடைக்குத் திரும்புவோம்.

மூன்றாவது ஜன்னல்

நான் கண்டுபிடித்த உத்தமக் கல்லூரியின் பேருந்தைக் காட்டுவதற்காக ஒருநாள் காலை ஹரிணியை எழுப்பி அழைத்துப்போனேன். கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தாள். பாபு அவளுக்கு ஒரு பாதாம் பால் சொன்னான்.

"பாப்பா, இப்ப வரும் பாரு. உங்கப்பா சும்மா சொல்லல. பஸ்ஸா அது? கோயில் மாரி அமைதியாக் கீது."

வந்தது. எங்கள் முன்னாலேயே ஆட்களை ஏற்றிக்கொள்ள நின்றது. நான் கல்யாண மாப்பிள்ளையைக் காட்டுவதுபோல் கையை நீட்டிக் காட்டினேன்.

ஹரிணி பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி பேருந்தைப் பார்த்தாள்.

"அப்பா, அது காலேஜ் பஸ் இல்லப்பா."

"பின்னே?"

"சிறுசேரி போற ஐ.டி. கம்பெனி பஸ். கார்த்திக் அண்ணா டெய்லி இதுலதான் போறாரு. அதோ, மூணாவது ஜன்னல்."

மூன்றாவது ஜன்னலில் எதிர் பிளாட்டு கார்த்திக். வாய் திறந்தபடி. நான் நூற்றுக்கு நூறு போட்டது அவனுக்குத்தான். தினமும் மாடிப்படியில் பார்க்கிற பையனை எப்படி அடையாளம் தெரியாமல் போனது என்று கேட்காதீர்கள். நான் ஆட்களைப் பார்க்கவில்லை, தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாபு மெதுவாக என் பக்கம் திரும்பினான். "டேய், அடக்கம்னு சொன்னியேடா. நானும் வூட்ல போய்ச் சொல்லிக்கினு கீறேன், நாட்டுலயே பெரிய காலேஜ் நம்ம ரோட்டுல போவுதுன்னு. பேஜாராப் பூட்ச்சேடா."

ஹரிணி பாதாம் பாலைத் துப்புகிற அளவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் பேருந்து கிளம்பிப் போன பிறகு ஒன்று உறுத்தியது. படிப்பின் களைப்பு என்று நான் மதிப்பெண் போட்ட முகங்கள் எல்லாம் படித்து முடித்தவர்களின் முகங்கள். அந்த ரோட்டில் போன மஞ்சள், நீலம், பச்சை, ஊதா எல்லாமே, எங்களில் ஏறு, கடைசியில் உன்னை இந்த வெள்ளைப் பேருந்தில் ஏற்றிவிடுகிறோம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன.

அதில் தப்பில்லை. கார்த்திக்கின் சம்பளத்தில்தான் தணிகாசலம் சாருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. ஆனாலும் அன்றைக்கு இரண்டாவது டீ எனக்கு இறங்கவில்லை.

எலுமிச்சம்பழம்

ரிசல்ட் வந்தது. நல்ல மதிப்பெண். தணிகாசலம் சாரே "பரவால்ல சார்" என்று சொல்லுமளவுக்கு.

கேளம்பாக்கம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி, பெற்றோரும் பிள்ளைகளும் வந்து பாருங்கள் என்று தாம்பரத்துக்கே பேருந்து அனுப்பியது. "நீங்க மட்டும் போய்ட்டு வாங்களேன்பா," என்றாள் ஹரிணி. சோம்பேறித்தனம் என்று நினைத்து இழுத்துக்கொண்டு போனேன்.

டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். நேர் ரோட்டைப் பார்த்தபடி வந்தாள். கைக்குள் ஓர் எலுமிச்சம்பழம். அவ்வப்போது மூக்கருகே கொண்டுபோனாள். பெற்ற தகப்பன், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு உறைக்கவில்லை. கல்லூரிக்கு முதல்முறை போகிறோம், அம்மா கொடுத்தனுப்பிய மங்கலப் பொருள் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லூரியில் ஒருவர் அந்த வெயிலிலும் கோட்டு போட்டுக்கொண்டு எங்களைச் சுற்றிக் காட்டினார். ஏசி விடுதி. வேலை கிடைத்தவர்களின் படங்கள் ஒட்டிய நீளமான சுவர். ஒரு நீச்சல் குளம். வெள்ளம் பார்த்த முடிச்சூர்க்காரனுக்குத் தேங்கின தண்ணீரைக் கண்டால் பெரிதாகச் சந்தோஷம் வருவதில்லை, நான் தள்ளியே நின்றேன்.

செமஸ்டர் முடியவில்லை. வகுப்பறைக் கதவுகள் மூடியிருந்தன. உள்ளே யாரோ பாடம் நடத்துகிற குரல் கேட்டது. ஹரிணி ஒரு கதவுக்கு எதிரில் நின்றுவிட்டாள்.

"சார், ஒரு கிளாஸ்ல கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாக்கலாமா?"

கோட்டுக்காரருக்கு இந்தக் கேள்வி புதிது. கோட்டின் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். பிறகு பெரிதாகச் சிரித்தார். "அட்மிஷன் போட்டுட்டா நாலு வருஷம் தாராளமா உட்காரலாம்மா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஹரிணி சிரிக்கவில்லை.

தி.நகரில் ஒரு புடவை எடுக்கப் போனால் முப்பது புடவையைப் பிரித்துத் தோளில் போட்டுப் பார்க்கிறோம். பிளாட் வாங்கியபோது தரைக்கு எந்த டைல்ஸ் என்று முடிவு செய்ய, நாலு துண்டை வீட்டுக்கே கொண்டுவந்து இரண்டு நாள் அதன்மேல் நடந்து பார்த்தேன். நான்கு வருடப் படிப்பை மட்டும் ஒரு வகுப்புகூட உட்கார்ந்து பார்க்காமல் எடுக்கச் சொல்கிறோம். எடுத்த பிறகு, "நீதானே கேட்டாய்" என்கிறோம்.

இதெல்லாம் அங்கேயே எனக்குத் தோன்றியதாக எழுத ஆசைதான். தோன்றவில்லை. அங்கே நான் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில், வண்டலூருக்குக் கொஞ்சம் முன்னால், ஹரிணி எழுந்து டிரைவரின் தோளைத் தட்டினாள். "அண்ணா, நிறுத்துங்க."

இறங்கி ஓரமாக ஓடினாள். நான் பின்னால் ஓடி நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். பாவம், உள்ளே இருந்த எல்லாம் வந்துவிட்டது. பேருந்தைப் போகச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒரு நிழற்குடையில் உட்கார்ந்தோம். தண்ணீர் குடித்தாள். எலுமிச்சம்பழம் அப்படியே கையில் கசங்கியிருந்தது.

பாப்பா, இது தெரு

அப்போதுதான் எனக்கு அந்தப் படகு ஞாபகம் வந்தது.

பெருவெள்ளம் வந்த வருடம் ஹரிணி சின்னக் குழந்தை. முடிச்சூரில் எங்கள் தெருவில் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். கடலோரக் குப்பத்து மீனவர்கள் லாரியில் படகுகளை ஏற்றிக்கொண்டு எங்களைத் தூக்க வந்தார்கள். மாடிப்படியிலிருந்தே படகில் ஏறினோம். பால் பூத்தைத் தாண்டுவதற்குள் ஹரிணி படகுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள்.

துடுப்புப் போட்டவர் அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டார். "பாப்பா, இது தெரு. கடலு இல்ல. தெருவுக்கே இப்டி வாந்தி எடுத்தா இன்னா பண்றது?"

அந்த வாக்கியத்தை எத்தனையோ கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். அதில் ஒரு தகவலும் இருக்கிறது என்று மட்டும் மறந்துவிட்டேன்.

"இது எப்பலேர்ந்தும்மா?" என்று நிழற்குடையில் கேட்டேன்.

"எப்பவுமே இருக்குப்பா. ஸ்கூலுக்கு சைக்கிள்ல போனேன், அதனால உங்களுக்குத் தெரியல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது? எங்க கிளாஸ்ல ஒவ்வொருத்தரா எழுந்து 'லைஃப் கோல்' சொன்னாங்க. ஒருத்தி சயின்டிஸ்ட். ஒருத்தன் கலெக்டர். நான் எழுந்து, 'மிஸ், எனக்கு பஸ்ல வாந்தி வரும்'னா சொல்ல முடியும்?" மூக்கை உறிஞ்சினாள். "நீங்க பாக்கற காலேஜ் எல்லாத்துக்கும் போக வர மூணு மணி நேரம் பஸ்ப்பா. தினமும். நாலு வருஷம். என்ன படிக்கறதுன்னு எனக்கு நிஜமாவே தெரியல. ஆனா ரயில்ல போற மாதிரி இருந்தா போதும்."

நான் சிரித்துவிட்டேன். முறைத்தாள். பிறகு வேப்பமரத்து வரிசையைப் பற்றி அவளிடம் சொன்னேன். அதுவரை வீட்டில் யாருக்கும் சொல்லாதது.

"நிழலுக்காகவா? எகனாமிக்ஸ் நிழலுக்காகவா படிச்சீங்க?"

"வெயில் ரொம்ப அதிகம்மா அன்னிக்கு."

அவள் சிரித்த சிரிப்பில் நிழற்குடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஷேர் ஆட்டோ பிடித்து வண்டலூர் ஸ்டேஷனுக்குப் போனோம். ரயிலில் கதவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். பெருங்களத்தூர் வருவதற்குள் முகத்தில் ரத்தம் திரும்பிவிட்டது. வேர்க்கடலை கேட்டாள்.

பிள்ளைகளிடம் "என்ன ஆகப் போறே" என்று எல்லாரும் கேட்கிறோம். எப்படிப் போவாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய், போய்ச் சேரும்போது பாடம் கேட்கிற தெம்பு இருக்குமா என்று கேட்பதற்கு எந்த வழிகாட்டி நாளிலும் ஒரு மேசை இல்லை.

குச்சி தொட்ட இடம்

மறுநாளே ரயில் தடத்தில் இருக்கிற கல்லூரிகளுக்கு அவளே போன் செய்ய ஆரம்பித்தாள். எல்லாரிடமும் ஒரே கேள்வி, ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று. சில இடங்களில் எடுக்கவில்லை. சில இடங்களில் இது ஏதோ குறும்பு என்று போனை வைத்துவிட்டார்கள். தாம்பரத்திலிருந்து சில ஸ்டேஷன் தள்ளி ஒரு கலைக்கல்லூரியில், புவியியல் துறையில் எடுத்த பேராசிரியை, "லீவு முடிஞ்சு செகண்ட் இயர் வருவாங்க. அப்ப வந்து பின்னாடி உட்காரு, எனக்கென்ன," என்றார்.

புவியியல் அவள் தேடிப் போனது இல்லை. திறந்த கதவு அதுதான்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் போனோம். அந்த அம்மாள் ஒரு கையில் புரொஜெக்டர் வயரும் இன்னொரு கையில் டிபன் பாக்ஸுமாக வந்தார். "கெஸ்ட்டா? அந்த பெஞ்சுல உட்காருங்க. அங்க ஃபேன் ஓடாது, இப்பவே சொல்லிட்டேன்."

திரையில் ஒரு வரைபடம். புரொஜெக்டருக்கு என்ன கோளாறோ, எல்லாமே பச்சையாகத் தெரிந்தது. நம் பக்கத்து ஏரிகள், அவற்றை இணைக்கிற கால்வாய்கள், எல்லாம் போய்ச் சேருகிற அடையாறு. ஓர் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று மாணவர்களைக் கேட்டுக்கொண்டே குச்சியை நகர்த்திக்கொண்டு வந்தார். குச்சி ஓரிடத்தில் நின்றது.

"தண்ணி இங்கதான் வந்து நிக்கும். ஏன்னா அது தண்ணியோட இடம்."

"அய்யோ," என்றேன். சத்தமாக.

வகுப்பே திரும்பியது. "சார், நீங்க எங்க இருக்கீங்க?" என்றார் பேராசிரியை.

"நீங்க குச்சி வெச்சிருக்கற இடத்துலதான் மேடம். ரெண்டாவது மாடி."

அன்றைய வகுப்பில் அதிகம் சிரிப்பு வாங்கிய பதில் என்னுடையது. ஹரிணி இந்தமுறையும் சிரிக்கவில்லை. பெஞ்சில் முன்னால் சாய்ந்து குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிந்ததும் நான் வெளியே வந்தேன். அவள் வரவில்லை. அடுத்த வகுப்புக்கும் உட்கார்ந்துவிட்டாள். தாழ்வாரத்தில் உலாத்தினேன், அறிவிப்புப் பலகையில் இருந்ததை எல்லாம் மனப்பாடம் செய்தேன். கடைசியில் வெளியே வந்தவள் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள்.

"நீங்க இன்னும் வீட்டுக்குப் போகலியாப்பா?"

வெள்ளத்தில் தவித்த குழந்தை, வளர்ந்து தண்ணீரின் வழியைப் படிக்கப் போனது என்று உறவுக்காரர்களிடம் சொல்லிப் பார்த்தேன். அழகாக இருக்கிறது இல்லையா? ஹரிணி ஒரே போடாகப் போட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. எனக்கு அந்த மேப் பிடிச்சுது. அவ்ளோதான்."

சேர்ந்தாள்.

சாய்கிற சீட்

கதை முடிந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். அப்படியானால் என்னைப் பற்றி உங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

பாதுகாப்புக்காக இருக்கட்டும் என்று பொறியியல் கவுன்சிலிங்குக்கும் அவளைப் பதிவு செய்யவைத்திருந்தேன். இன்சூரன்ஸ் புத்தி. "ஜாக்ரஃபியா சார்? டீச்சராகறதுக்கா?" என்று தணிகாசலம் சார் மாடிப்படியில் கேட்கும்போதெல்லாம், பதிவு இருக்கிறது என்று மனசுக்குள் தடவிக்கொள்வேன். அவள் கல்லூரி போக ஆரம்பித்துச் சில வாரங்கள் கழித்து இடம் வந்தேவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ். சிறுசேரியையும் தாண்டி. கல்லூரிப் பேருந்து உண்டு.

ஏற்பதா விடுவதா என்று சொல்ல ஓரிரு நாள்தான் கெடு.

வாந்திக்கு மாத்திரை இருக்கிறதே என்று பார்த்தேன். அங்கேயே விடுதி இருக்கிறதே என்று பார்த்தேன். மாடிப்படியில் கார்த்திக் எதிரில் வந்தான், கழுத்தில் கயிறோடு. அவனையே கேட்டேன்.

"அங்கிள், வேலை நல்ல வேலைதான், குறை சொல்லமாட்டேன்," என்றான். "காலேஜ் நாலு வருஷமும் பஸ்ஸு, இப்பவும் பஸ்ஸு. இப்ப சீட் சாயுது, அவ்ளோதான் வித்தியாசம்." ரெண்டு படி ஏறியவன் திரும்பினான். "ஹரிணிய கிளாஸ்ல உட்கார வெச்சுக் காட்டினாங்களாமே. எனக்கெல்லாம் அப்படி யாரும் காட்டல அங்கிள்."

அன்று மாலை ஹரிணியை உட்காரவைத்து, கணினி, எதிர்காலம், உலகம் போகிற வேகம் என்று எல்லாம் பேசினேன். கல்பனா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், வழிகாட்டி நாளில் வந்த பையிலிருந்து எடுத்து எடுத்து. நான் பேசப் பேசக் கத்தியின் வேகம் கூடியது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நான் முடிக்கும்வரை ஹரிணி கேட்டாள்.

"அப்பா, நான் தெரியலன்னு சொன்னேன், பயந்தீங்க. இப்ப தெரியும்னு சொல்றேன், இப்பவும் பயப்படறீங்க. நான் என்னதான் சொல்லணும்?"

வேலைக்கு என்ன செய்வாள், சம்பளம் என்ன வரும், மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வோம் என்று என்னிடம் பத்துக் கேள்விகள் இருந்தன.

"நாளைக்கு எத்தனை மணிக்கு டிரெயின்?" என்று கேட்டேன்.

அந்த இடத்தை ஏற்கவில்லை. கெடு முடிந்து, அது வேறு யாருக்கோ போனது.

ஹரிணி பி.எஸ்சி. ஜாக்ரஃபி படிக்கிறாள். முதல் செமஸ்டரில் புள்ளியியல் பேப்பர் போய்விட்டது. அடுத்ததில் எழுதித் தேறினாள். படித்து முடித்ததும் என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டால், தெரியல என்கிறாள். தினமும் காலையில் தாம்பரத்தில் ரயில் ஏறுகிறாள். இதுவரை ஒருநாளும் வாந்தி எடுக்கவில்லை.